அம்மாவோடு வேல்ஸில் பழைய மாளிகை ஹோட்டல்: ஓர் இரவு போதுமா?

வயலோரம்:
எல்லோருக்கும் வணக்கம். மே கடைசியில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். வயது 67, முப்பது வருஷம் பள்ளியில் தாவரவியல் எடுத்தவர். லண்டனில் பார்க்க வேண்டியதெல்லாம் போன தடவையே பார்த்தாயிற்று. இந்த முறை தோட்டத்தோடு இருக்கும் ஒரு பழைய மாளிகையில் தங்க வைக்க ஆசை. வடக்கு வேல்ஸில் லான்டிட்னோ பக்கத்தில் இருக்கும் பாடிஸ்கல்லன் ஹால் மனதில் இருக்கிறது. வாடகையைப் பார்த்தால்தான் தயக்கம். ஓர் இரவு தங்கினால் போதுமா? அம்மா முட்டை கூடத் தொடமாட்டார், முழங்கால் வலி வேறு. நான் இருப்பது மில்டன் கீன்ஸ், கார் கிடையாது. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

தேநீர்க்கடை:
மில்டன் கீன்ஸிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டுமா? அய்ல்ஸ்பரி அருகே ஹார்ட்வெல் ஹவுஸ் இருக்கிறதே. நாடு கடந்து வாழ்ந்த பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி 1809 முதல் 1814 வரை அங்கேதான் இருந்தார். மத்தியானத் தேநீருக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பலாம், செலவும் குறையும். அதுவும் நீங்கள் சொல்லும் பாடிஸ்கல்லனும் 2008இல், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு நன்கொடையாகப் போன ஹோட்டல்கள்தான்.

மருக்கொழுந்து:
தம்பி, தேநீர் குடித்துத் திரும்புவதற்கும் தங்குவதற்கும் நிறைய வித்தியாசம். ஜூன் முதல் வாரத்தில் என் அம்மாவைப் பாடிஸ்கல்லனுக்குத்தான் கூட்டிப் போனேன். இரண்டு இரவு போடுங்கள். ஓர் இரவு என்றால் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் பதினொரு மணிக்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். தோட்டத்தைப் பார்க்க நேரமே இருக்காது. நடுவில் ஒரு முழு நாள் கிடைக்க வேண்டும். அதற்குத்தான் காசு.

வீட்டை ஒட்டி, சுவர்களுக்கு நடுவே 17ஆம் நூற்றாண்டுத் தோட்டம் ஒன்று உண்டு. பாக்ஸ் செடியை முழங்கால் உயரத்துக்குக் கத்தரித்துக் கட்டம் கட்டமாக வேலி போட்டு, உள்ளே வாசனை மூலிகைகளை நிரப்பியிருக்கிறார்கள். காலை ஆறரைக்கு அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு அங்கே போய்விட்டார். யாருமில்லை, புல்லெல்லாம் பனி. ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து, "இது தவனம் மாதிரி இருக்குடி" என்று என் மூக்கருகே நீட்டினார். அப்புறம் மேல்தட்டில் ஏறி நின்று பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து கோல நோட்டை எடுத்து அந்தக் கட்டங்களை அப்படியே வரைந்துகொண்டார். அந்த மார்கழியில் எங்கள் வீட்டு வாசலில் பாடிஸ்கல்லன் கோலம்தான்.

நடு வீட்டுக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டுக்குரியது, பக்கத்து ஊரான கான்வியின் கோட்டைக்குக் காவல் பார்க்கக் கட்டியது என்கிறார்கள். அங்கிருந்து கோட்டை தெரியும். ஆனால் வளைந்து வளைந்து ஏறும் ஒடுங்கிய படி. அம்மா கீழேயே இருக்கட்டும், நீங்கள் ஏறிப் பாருங்கள். அறை போடும்போதே போன் செய்து, படி ஏறாமல் போகிற அறையோ தோட்டத்துக்குள் இருக்கும் குடிலோ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் கவனம். இந்த ஊரில் 'வெஜிடேரியன்' என்றால் முட்டை உண்டு. பர்மேசான் பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேரும், சில இனிப்புகளில் மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். வேறொரு ஊரில் நான் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லி வைத்து, அம்மா ராத்திரி வெறும் ரொட்டியும் வெண்ணெயும் தின்று படுத்தார். அதிலிருந்து முட்டை, ஜெலட்டின், ரென்னட் மூன்றையும் பெயர் சொல்லியே எழுதி அனுப்புகிறேன்.

முக்கியமானதை விட்டுவிட்டேன். டாக்ஸியில் சுமார் கால் மணி நேரத்தில் பாட்னன்ட் தோட்டம். லபர்னம் என்ற மஞ்சள் பூ மரங்களை வளைத்து 1880களில் வைத்த வளைவு ஒன்று, ஏறக்குறைய 55 மீட்டர் நீளம். மே கடைசி, ஜூன் முதல் பாதியில் பூக்கும். உள்ளே நுழைந்தால் தலைக்கு மேல் மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும். அம்மா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "கொன்றை". இரண்டும் அவரைக் குடும்பம்தான், ஆனால் லபர்னத்தின் இலை மும்மூன்றாக இருக்கும். உங்கள் அம்மா அதைப் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். செடி முழுக்க நஞ்சு, ஆகவே இலை கசக்கும் வழக்கம் இங்கே வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வளைவு வாசலுக்குப் பக்கம்தான். கீழே ஓடை ஓடும் பள்ளத்துக்கு இறக்கம் அதிகம், முழங்காலுக்கு ஆகாது.

ரயிலுக்கு லான்டிட்னோ ஜங்ஷனில் இறங்க வேண்டும். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து ஹோட்டல் கிட்டத்தில்தான்.

வடமராட்சி:
அக்கா சொன்னது சரி. கான்வி கோட்டைக்கு நாங்கள் மாமியைக் கூட்டிக்கொண்டு போனனாங்கள். 1283இல் தொடங்கி நாலு வருசத்தில் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னர் கட்டுவிச்ச கோட்டை. கோபுரப் படி சரியான ஒடுக்கம், அவவுக்கு ஏலாமல் போட்டுது. அதைவிட லான்டிட்னோவில் கிரேட் ஓர்ம் மலைக்குப் போற டிராமில் ஏத்துங்கோ. 1902இல் இருந்து கம்பியிழுவையில் ஓடுது. இருந்தபடியே கடலைப் பார்க்கலாம்.

வயலோரம்:
மிக்க நன்றி. ஜூன் முதல் வாரம், இரண்டு இரவு என்று முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை போன் செய்கிறேன். காலணி விஷயம் மட்டும்: அம்மா செருப்பு தவிர எதுவும் போட்டதில்லை. சமாளிக்கலாமா?

மருக்கொழுந்து:
செருப்பு வேண்டாம் தம்பி. காலைப் புல் சொட்டச் சொட்ட இருக்கும், கல்தரை வழுக்கும். வந்த முதல் வாரமே கடைக்கு அழைத்துப் போய், அடி சொரசொரப்பாக இருக்கும் ஷூ ஒன்று வாங்கி, வீட்டுத் தெருவில் தினமும் அரை மணி நடந்து பழகச் சொல்லுங்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி.