கிராம சபைத் தீர்மான நகல் வாங்கியவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊராட்சியில் அக்டோபர் 2 கிராம சபைக்குப் போயிருந்தேன். உள்ளே நுழையும்போதே நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துக்கு மேலே இரண்டு பக்கம் காலி. கேட்டதற்கு, "தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கலாம் தம்பி, டீ ஆறுது" என்றார் ஒருவர். டீ முடிந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

முறைகேடு நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்று நம்பவும் வழியில்லை. மேலத்தெருவில் குழாய் போட்டால் கீழத்தெரு முணுமுணுக்கிறது. கணக்கைச் சத்தமாகப் படித்தாலே பாதிச் சண்டை தீரும் என்பது என் எண்ணம்.

இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தீர்மான நகலும் வரவு செலவுக் கணக்கும் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், 30 நாளில் பதில் வர வேண்டும் என்பது வரை தெரியும். மனுவை ஊராட்சிக்கே அனுப்புவதா, வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கா? உங்கள் ஊரில் யாரிடமிருந்து பதில் கிடைத்தது?

இன்னொன்று. ஜனவரி 26 சபையில், தீர்மானத்தை எழுதி வாசித்த பிறகே கையெழுத்து என்று கேட்கப்போகிறோம். இதுவரை ஏழு பேர்தான். ஊராட்சிச் செயலரும் எங்கள் ஊர்க்காரர், தினமும் முகம் பார்க்க வேண்டியவர். சண்டைக்காரன் என்று பெயர் வாங்காமல் இதை எப்படிப் பேசினீர்கள்? நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்கள், "எங்களை யாரு பேச விடுவா" என்கிறார்கள். அவர்களை எப்படி அழைத்து வருவது?

மாதிரி மனு இருந்தால், பெயரை மறைத்துவிட்டுப் படம் போடுங்கள்.