அந்த மணல் சும்மா கிடந்ததா?

மாலைநடை: புதுச்சேரியின் வடக்குக் கரையில், குப்பத்தை ஒட்டிப் புதிய பூங்கா திறந்திருக்கிறார்கள். சும்மா கிடந்த மணலில் நடைபாதையும் இருக்கைகளும் சறுக்குமரமும் வந்திருக்கின்றன. இதற்கும் முகம் சுளிப்பவர்களை என்னவென்று சொல்வது?

கரைவலை: எந்தக் கணக்கில் சும்மா கிடந்தது என்கிறீர்கள், ஐயா? சறுக்குமரம் நிற்கும் இடத்தில்தான் என் அப்பா வலையை விரித்து, கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறுந்த கண்களை ஒவ்வொன்றாகப் பின்னுவார். புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளை மேலேற்றுவதும் அங்கேதான்.

மாலைநடை: பட்டா இருக்கிறதா? அரசு நிலம் ஊருக்கே பொது. நான் பார்த்தவரை அங்கே குப்பைதான் கிடந்தது.

கரைவலை: பட்டா கேட்கிறீர்கள். மீன் உலர்த்தும் இடங்களையும் மீனவர்களின் பொதுச் சொத்துகளையும் கடலோர வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று மத்திய அரசின் 2011ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்லியிருக்கிறது. துறைமுகத்துக்காக 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டியதால், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைபட்டு, எங்கள் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. பிறகு கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதற்கும் தப்பி மிஞ்சிய மணலைத்தான் சும்மா கிடந்தது என்கிறீர்கள்.

முத்தியால்பேட்டையான்: கரைவலை எங்கே வந்தாலும் கடைசி வார்த்தை அவருடையதாகவே இருக்க வேண்டும். மீன் அங்காடி விவாதத்திலும் இதே கதைதான்.

கரைவலை: மீன் அங்காடியில் நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதை இங்கே இழுக்காதீர்கள்.

நெய்தல்: பூங்காவில் வைத்திருக்கும் உயர்கோபுர விளக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். குஞ்சுகள் கடலை விட்டு விளக்கு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்துவிடும்.

மாலைநடை: விளக்கு இல்லாவிட்டால் இருட்டிய பிறகு பெண்கள் எப்படி வருவார்கள்? ஆமைக்கு இருக்கும் அக்கறை மனிதருக்கு இல்லையா?

நெய்தல்: விளக்கே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. வெளிச்சம் கடல் பக்கம் விழாமல் மறைப்பு வைக்கலாம்.

கரைவலை: விளக்கு இருக்கட்டும். வலைகளை இப்போது தார்ச்சாலை ஓரத்தில் உலர்த்துகிறோம். பூங்காவுக்கு வருபவர்களின் வண்டிகள் அவற்றின் மேல் ஏறிப் போகின்றன. அந்த மணல் சும்மா கிடக்கவில்லை என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்?

மாலைநடை: சாலையில் வலை விரித்தால் வண்டி ஏறத்தான் செய்யும். சும்மா கிடந்த இடம் என்றுதான் மறுபடியும் சொல்வேன்.

கரைவலை: அப்படியானால் நானும் விடப்போவதில்லை.