இன்ஃப்ராரெட் ஃபிலிம், கறுப்பு ஃபில்டர்: மீட்டரை நம்பி நீங்கள் இழந்த படம் எது?

சோழநாட்டான்:
கங்கைகொண்ட சோழபுரம், மார்ச் மாதம், காலை பத்தரை. ரோலெய் இன்ஃப்ராரெட் 400 ஃபிலிம், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுக்கும் ஹோயா ஆர் 72 ஃபில்டர். ஃபில்டரைத் திருகிவிட்டு, கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் சொன்னதை அப்படியே வைத்தேன்: லென்ஸ் துளை எஃப் 8, 1/250 நொடி. 36 படமும் அதே கணக்கில்தான். வீட்டில் கழுவி, ரீலிலிருந்து பிரித்துக் குளியலறை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். புல்தரை மட்டும் சாம்பல் பட்டையாக ஓடுகிறது. அதற்கு மேலே கோயில் விமானம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெளுப்பு, எதுவும் பதியவில்லை. தண்ணீர் முழங்கை வரை வழிய, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கல்வரிசைகூட இல்லை. இரண்டு வருடமாகியும் மனசு ஆறவில்லை. மீட்டரில் ஒளியை அளக்கும் சிலிக்கான் செல் 900 நானோமீட்டர் அலைநீளத்தையும் நன்றாகப் பார்க்கும்; இந்த ஃபிலிம் 820 பக்கம் முடிந்துவிடுகிறது. ஃபிலிமுக்குத் தெரியாத வெளிச்சத்தையும் சேர்த்து எண்ணிவிட்டது.

மலைச்சாரல்:
செல்லை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வால்பாறையில் எனக்கு நடந்தது இது. டிரைபாடில் கேமரா, முதுகில் வெயில், ஃபில்டர் வழியாக மீட்டர் 1/60 காட்டியது. வியர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றி கேமரா மேல் வைத்தேன், சட்டென்று 1/8. எடுத்தால் 1/60, வைத்தால் 1/8. மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) வெளிச்சம் வியூஃபைண்டர் வழியாகப் பின்னாலிருந்து நுழைந்திருக்கிறது! அதற்குள் 14 படம் போயிருந்தது. இப்போது பின்பக்கத்தை மூடி, ஃபிலிமின் வேக எண்ணான ஐஎஸ்ஓவை மீட்டரில் 50 என்று வைத்தால், என் கேமராவில் உச்சிவெயிலுக்கு ஃபில்டர் வழியாகவே அளவு சரியாக வருகிறது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

சோழநாட்டான்:
இல்லை நண்பரே, கண்ணை ஒட்டி வைத்துத்தான் அளந்தேன். டிரைபாடே கொண்டுபோகவில்லை.

பழைய இருட்டறை:
தம்பிகளா, என் கதை சின்னது. கோடாக் எச்ஐஇ காலத்துக் குறிப்பேட்டை நம்பி இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸில் ஒரு ரோல் முழுக்கத் தொலைத்தேன், என் அக்கா வீட்டுத் தென்னந்தோப்பு. எச்ஐஇ 900 வரை பார்த்த ஃபிலிம், 2007இல் நிறுத்திவிட்டார்கள். எஸ்எஃப்எக்ஸ் 740இல் முடிகிறது; ஆர் 72 திறப்பதே 720இல். அந்தச் சந்துக்குள் பழைய கணக்கு எப்படிச் செல்லும்?

ரோலெய்க்கு ஃபில்டரைக் கழற்றிவிட்டு அளங்கள். கைமீட்டர் இருந்தால் நல்லது. ஐஎஸ்ஓ 6 என்று வையுங்கள், அதாவது 400க்கு வருவதைவிட ஆறு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். நல்ல வெயிலில் எஃப் 8க்கு 1/25 பக்கம் வரும். அதில் ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று. ஃபிலிமை மிச்சம் பிடிக்காதீர்கள். சாயங்காலச் சிவந்த வெயிலில் இன்ஃப்ராரெட்டின் பங்கு கூடும், அதனால் அதே ஆறு ஸ்டாப் அப்போது அதிகம். அப்புறம், ஃபோகஸ் செய்தபின் லென்ஸில் இன்ஃப்ராரெட்டுக்கென்று இருக்கும் சிவப்புக் குறிக்கு வளையத்தை நகர்த்துங்கள். ரோலை நிழலில் மாற்றுங்கள். அந்த பாலியெஸ்டர் பட்டை ஓரத்து வெளிச்சத்தைக் குழாய் மாதிரி உள்ளே இழுக்கும். ஃபிலிம் ஓரத்து ஓட்டைகளை இன்ஃப்ராரெட் விளக்கால் எண்ணும் கேமராக்கள் உண்டு, அந்த ஒளி பட்டு நெகடிவின் ஓரம் கறுத்துப்போகும். உங்களுடையது அந்த வகையா என்று பாருங்கள்.

மலைச்சாரல்:
ஃபோகஸைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே ஐயா. ஆனால் சாயங்காலக் கணக்கு உண்மை. ஐந்தரை மணிக்கு எடுத்த தேயிலைச் சரிவு எனக்கு ஒன்றரை ஸ்டாப் கூடுதலாகவே வந்தது.

சோழநாட்டான்:
ஐயா, போன ஞாயிறு மறுபடியும் போனேன். ஐஎஸ்ஓ 6, நீங்கள் சொன்னபடியே. விமானம் தளம் தளமாக வந்திருக்கிறது, புல் பால் ஊற்றியது போல. ஒரு இடம்தான் உதைக்கிறது: விமானத்தின் நிழல் விழும் பக்கம். மீட்டர் அங்கே மூன்று ஸ்டாப்தான் குறைவு என்றது. நெகடிவில் ஒன்றுமே இல்லை. அங்கே விழுவது நீல வானத்தின் வெளிச்சம், அதில் இன்ஃப்ராரெட் மிகக் குறைவு, அது புரிகிறது. அந்த நிழலுக்கென்று எத்தனை ஸ்டாப் கூட்டுவீர்கள்?