கிணற்றடி வீட்டார் குழு: கவினின் போம்

சுதா: எல்லாருக்கும் வணக்கம். கவினின் பாடத் தெரிவுப் படிவம், அந்தப் போம், திங்கள் கொடுக்க வேண்டும். ஓ.எல். பரீட்சைக்கு இரண்டாம் பாடத் தொகுதியில் ஒன்றுதான் எடுக்கலாம், நாடகமும் அரங்கியலுமா, தமிழ் இலக்கிய நயமா என்று இழுபடுகிறது. கவினின் அப்பா நயம் என்கிறார். சொல்லுங்கோ.

ரவி மாமா: ஐ.சி.ரி., அந்தக் கொம்பியூட்டர் பாடத்தை எடுக்கட்டும். இதில் என்ன யோசனை?

சுதா: அது மூன்றாம் தொகுதி மாமா. அது எடுத்தாச்சு.

ரவி மாமா: அப்ப நயம். செயன்முறைப் பரீட்சை இல்லை, ரியூசன் இருக்கு. நாடகத்துக்கு ஆர் சோறு போடுவது?

அனு: நாடகம் படிக்கிற எனக்குப் போடுகிறார்கள் மாமா, மட்டக்களப்பு கல்லடி ஹொஸ்டலில் 😄

ரவி மாமா: பருப்பும் சொதியும்தானே.

பெரியம்மா: காலை வணக்கம் 🌺 காலமான செல்வம் அண்ணையின் அந்தியேட்டிச் சடங்கு வெள்ளியா சனியா?

குமார்: வெள்ளி. கீரிமலை. வான் ஏழுக்கு.

தேவன் சித்தப்பா: சுதா, போமை வைத்துவிட்டு இதை வாசி. கொஞ்சம் நீளம்தான். 32 வருடம் படிப்பித்தவன் சொல்கிறேன். நாடகம் எடுக்கிற பிள்ளை எல்லாம் நடிகனாக வேண்டியதில்லை. நான் ஆறாம் வகுப்புக்கு முதல் ஒரு மாதம் கொப்பி திறக்க விட்டதில்லை. வாங்குமேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு நடக்கச் சொல்வேன். சுடுமணலில் நட. தண்ணிக்குடத்தோடு நட. கண்ணாடியை உடைத்துவிட்டு அம்மா கூப்பிடுகிற நேரம் நட. அப்புறம் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று, ஒருவன் செய்வதை மற்றவன் அப்படியே செய்ய வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் முகத்தை ஒழுங்காகப் பார்ப்பது பலருக்கு அன்றைக்குத்தான். வசனம் எல்லாம் பிறகு. 1978ல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கிய குழந்தை சண்முகலிங்கம் மாஸ்டர் பிள்ளைகளுக்கென்றே நாடகம் எழுதினவர். அதற்கு முதல்

குமார்: சித்தப்பா, வான்காரரின் நம்பர் உங்களிட்டயா?

தேவன் சித்தப்பா: பொறு குமார். கை பட்டுப் போய்விட்டது, இன்னும் முடியவில்லை.

தேவன் சித்தப்பா: கவினின் கொப்பியைப் போன கிழமை பார்த்தேன். நடுவில் கோடு கீறி இடப்பக்கம் வடமோடி, வலப்பக்கம் தென்மோடி, கூத்தின் இரண்டு வகை. வடமோடியில் ஆட்டம் கூட, பாரத இராமாயணக் கதை. தென்மோடியில் பாட்டு இழுபடும். சிவப்புப் பேனையால் சரி போட்டிருக்கிறது. சரிதான். கூத்துக்கு அடிக்கிற மத்தளம் எப்படியிருக்கும் என்று கேட்டேன். "மிருதங்கம் மாதிரியோ தாத்தா?" என்றான். பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் கர்ணன் போர், இராவணேசன் கூத்துகளைப் போட்டபோது கம்பஸ் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்க மட்டக்களப்பு அண்ணாவியாரை, கூத்துப் பழக்குகிற ஆசானைத்தான் கூப்பிட்டார். நாங்கள் ஒரு அண்ணாவியாரையும் வாசலால் விடுவதில்லை, அட்டவணையைப் பாடமாக்க விடுகிறோம்.

சுதா: 🙏

ரவி மாமா: 🙏

அனு: அப்பா சொல்வது சரி. இங்கே ஊரில் கூத்தை மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். செயன்முறைக்கு முந்தின கிழமை பழகினால் கால் எங்கே வரும்?

ரவி மாமா: மச்சான், காத்தவராயன் கூத்தில் அண்ணியின் கூறைச் சேலையை உடுத்துக் கதாநாயகி ஆரியப்பூமாலையாக ஆடினவன் நீ. உன்னிடம் போய்க் கேட்கிறாளே சுதா.

பெரியம்மா: அந்தக் கூறை இன்னும் வரவில்லை.

தேவன் சித்தப்பா: அண்ணி, 86லேயே கொண்டுவந்து தந்தேன்.

பெரியம்மா: தந்தது சட்டை.

குமார்: 😂😂

தேவன் சித்தப்பா: ரவி, நீ அதே கூத்தில் பாலகாத்தானாக, சின்னக் காத்தவராயனாக வந்து மேடையில் அழுததையும் எழுதட்டா?

ரவி மாமா: பெற்றோல்மக்ஸ் வெளிச்சம் கண்ணில் குத்தினது.

அனு: மாமா நடிச்சவரா???

சுதா: போம்??? இன்னொன்றும் இருக்கு. நாடக ரீச்சர் மாற்றலாகிப் போய்விட்டா. இப்போதைக்குச் சங்கீத ரீச்சர்தான் வந்து நோட்ஸ் சொல்லுகிறா. அதுதான் கவினின் அப்பா பயப்படுகிறார்.

தேவன் சித்தப்பா: சனிக்கிழமைகளில் என்னிடம் அனுப்பு. நடக்கப் பழக்குகிறேன்.

சுதா: சனிக்கிழமை கணக்கு ரியூசன் சித்தப்பா.

தேவன் சித்தப்பா: அதற்கும் நடந்துதானே போக வேண்டும்.

குமார்: வான்காரரின் நம்பர்??

அனு: சுதாக்கா, கவினைக் கேட்டீங்களா?

சுதா: கேட்டேன். மத்தளம் ஆரிட்ட இருக்கு, அடிக்க விடுவார்களா என்கிறான்.

தேவன் சித்தப்பா: பள்ளிக்கூடத்தில் இல்லை. கோயில் களஞ்சிய அறையில் ஒன்று கிடக்கிறது, ஒரு பக்கம் தோல் கிழிந்து.

ரவி மாமா: தோல் போட எவ்வளவு வரும்?

தேவன் சித்தப்பா: விசாரித்துச் சொல்கிறேன். நீ காசைப் பற்றிப் பேசினால் பிறகு நாலு வருடம் சொல்லிக் காட்டுவாய்.

ரவி மாமா: எவ்வளவு என்றுதானே கேட்டேன்.

சுதா: சரி, பென்சிலால் நாடகம் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறு இரவு கவினின் அப்பாவோடு கதைத்துவிட்டுப் பேனையால் எழுதுகிறேன்.

பெரியம்மா: வான் ஆறுக்கா ஏழுக்கா?

குமார்: ஏழு பெரியம்மா. நம்பர் கிடைத்தால்.