ஹைப்ரிட் கார் வாங்கலாமா? குறைகளை மட்டும் சொல்லுங்கள்

வைகைக்கரை (மதுரை):
மாருதி கிராண்ட் விட்டாராவில் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு, தனியாகவும் வண்டியை ஓட்டக்கூடிய மின் மோட்டாரும் பேட்டரியும் உள்ள மாடல்) எடுக்கலாம் என்று வீட்டில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஷோரூமில் 27.97 மைலேஜ் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், யூடியூபிலும் புகழ்ச்சிதான். எங்களுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம், அதிலும் பாதி சென்னைக்குப் போய் வருவது. சாதா பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை விட இரண்டு லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போடவேண்டும். வைத்து ஓட்டுபவர்கள் இதிலுள்ள தொல்லைகளை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கோயம்பேடுக்காரன்:
மைலேஜ் பொய்யில்லை அண்ணே, ஆனால் எங்கே ஓட்டுகிறோம் என்பதுதான் விஷயம். நூறடி சாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது பாதி நேரம் எஞ்சினே ஓடாது, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரி ஏறும். நான்குவழிச் சாலையில் நூறில் போனால் பிரேக்குக்கு வேலையே இல்லை, எஞ்சின்தான் இழுக்கவேண்டும், லாபம் கரைந்துவிடும். அவசரமாக ஓவர்டேக் எடுக்க மிதித்தால் அந்த மூன்று சிலிண்டர் எஞ்சின் போடும் சத்தமும் எனக்குப் பிடிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதா பெட்ரோல் 15, ஹைப்ரிட் 22 கொடுக்கிறது, பெட்ரோல் நூறு ரூபாய் என்று வையுங்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 21,000 ரூபாய். இரண்டு லட்சத்தை எடுக்க ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும், பேட்டரி வாரண்டியோ 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்தான். உங்கள் ஓட்டத்துக்குப் போட்ட காசு திரும்பும் முன்பே வாரண்டி முடிந்துவிடும். வரியிலும் சலுகை இல்லை. மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், செப்டம்பர் 2025-ல் மாற்றிய பிறகும் இந்த அளவு ஹைப்ரிடுக்கு 40.

யாழ்_அக்வா:
வணக்கம் அண்ணா, இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஜப்பானில் ஓடிய ஹைப்ரிட்கள்தான் நிறைய, 2020-ல் இறக்குமதியை நிறுத்தியபிறகு இருந்ததையே திருத்தித் திருத்தி ஓடினோம். அதனால் வாரண்டி முடிந்த பற்றரி என்ன பாடு படுத்தும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் இருக்கிற டொயோட்டா அக்வா என்கிற சின்ன ஹைப்ரிட் காரின் பற்றரிக்குள் 20 துண்டுகள் இருக்கின்றன. ஒன்று பலவீனமானாலே எச்சரிக்கை லைட் எரியும். முழுசாக மாற்றக் காசில்லாதவர்கள் பழுதான துண்டை மட்டும் மாற்றுவார்கள். மற்றதும் அதே வயதுதானே, கொஞ்ச நாளில் அடுத்தது போகும், திரும்பவும் கராஜ். உங்கள் வண்டியில் இருப்பது லித்தியம், வகை வேறு, ஆனாலும் பழசாகிற பொருள்தான். இன்னொன்று, பற்றரியைக் குளிராக்கக் காற்று இழுக்கிற துவாரம் அக்வாவில் பின்சீட்டின் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு துணியோ பையோ அடைத்துக்கொண்டால், இல்லை தூசி படிந்து பஞ்சு மாதிரி மூடிக்கொண்டால், சூடேறி ஆயுள் குறையும். எங்கள் வெயிலுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வைகைக்கரை:
நன்றி தம்பி. நான் சில சமயம் வாரக்கணக்கில் வெளியூர் போய்விடுவேன், வண்டி சும்மா நிற்கும். பெரிய பேட்டரி இருப்பதால் ஸ்டார்ட்டிங் பிரச்சினை வராது இல்லையா?

ஸ்பானர்செட்:
வரும் சார். பெரிய பேட்டரி ஏறியிருந்தாலும் வண்டியை எழுப்புவது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான், அது இறங்கிவிட்டால் டேஷ்போர்டில் ‘ரெடி’ வராது, வண்டி நகராது. அதை ஜம்ப் கொடுத்து எழுப்பிவிடலாம். ஆரஞ்சு நிற வயர் போகிற பக்கம் மட்டும் தெரு மெக்கானிக்கைக் கை வைக்க விடாதீர்கள், அது உயர் மின்னழுத்தம், ஆளையே கொன்றுவிடும். அதனால் பெரிய வேலை என்றால் கம்பெனி சர்வீஸ்தான், ஊருக்கு ஊர் அதற்குப் பழகிய ஆள் கிடைப்பதும் சிரமம். அப்புறம் டிக்கி. பேட்டரி பின்னால் உட்கார்ந்திருப்பதால் 373 லிட்டர் இடம் 265 ஆகிவிடுகிறது. டெஸ்ட் டிரைவ் போகும்போது சென்னைக்குக் கொண்டு போகிற பெட்டிகளை எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள், அட்வான்ஸ் அதற்கப்புறம் கொடுக்கலாம்.