எந்தக் கருவி இல்லாம வண்டியில கை வைக்க மாட்டீங்க?

பெரம்பூர், 2006 சான்ட்ரோ:

வீட்டு வாசல்லயோ அபார்ட்மென்ட் தூணுக்கு நடுவுலயோ சொந்தமா கார் வேலை பார்க்கிறவங்க இங்க நிறைய பேர் இருக்கோம். ஒரு கருவி, அதை வாங்க வெச்ச சம்பவம், ரெண்டையும் எழுதுங்க. நான் ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் மே மாசம் குடும்பத்தோட திண்டிவனம் போயிட்டிருந்தோம். மதுராந்தகம் தாண்டினதும் பின்பக்க இடது டயர் பஞ்சர். மத்தியானம் ரெண்டு மணி, அக்னி நட்சத்திரம், பின் சீட்ல அம்மாவும் ரெண்டு குழந்தைங்களும். வண்டியோட வந்த எல் ஸ்பேனரை மாட்டி மிதிச்சேன், நட்டு அசையல. மேல ஏறி நின்னேன், அப்பவும் அசையல. என் எடை 74 கிலோ. ஸ்பேனர்தான் லேசா வளைஞ்சுது.

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு கடையில வீல் பேலன்சிங் பண்ணியிருந்தேன். ஏர் கன்னை வெச்சு ஒவ்வொரு நட்டையும் நாலஞ்சு நொடி 'டர்ர்ர்'னு விட்டாங்க. பக்கத்துலதான் நின்னேன், ஒண்ணும் கேக்கத் தோணல. ரோட்ல ஒரு லாரி டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டிட்டு ஒரு இரும்புக் குழாயோட வந்தார். குழாயை ஸ்பேனர்ல சொருகி நீளமாக்கி அழுத்தினார். மூணு நட்டு கிறீச்சுன்னு கழண்டுச்சு. நாலாவது, அது ஏறியிருக்கிற ஸ்டட்டோட (மரை போட்ட கம்பி) சேர்த்து முறிஞ்சு வந்துச்சு. மூணு நட்டோட 40-ல உருட்டிக்கிட்டே போய்ச் சேர்ந்தோம்.

சான்ட்ரோ வீல் நட்டுக்கு ஹூண்டாய் சொல்ற இறுக்கம் 9-லேர்ந்து 11 கிலோ-மீட்டர் (தூரம் இல்ல, அழுத்துற கிலோவைக் கைப்பிடி நீளத்தால பெருக்கினது), அதாவது 88-லேர்ந்து 108 நியூட்டன் மீட்டர். கணக்கு சுலபம்: அரை மீட்டர் கைப்பிடியோட முனையில 20 கிலோ அழுத்தினா 10 கிலோ-மீட்டர். வண்டியோட வர்ற ஸ்பேனர் ஏறக்குறைய கால் மீட்டர்தான். அதுல நான் 74 கிலோவோட ஏறி நின்னா 18 கிலோ-மீட்டருக்கு மேல வருது. அதுக்கும் அசையலேன்னா எந்த அளவுக்கு ஏத்தியிருப்பாங்கன்னு நீங்களே பாருங்க. இந்த மாதிரி இறுக்கினா ஸ்டட் இழுபட்டு பலம் போயிடும். டிஸ்க்கும் கோணலாகி, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும்.

திரும்பி வந்த வாரமே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய் அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து சொல்ற ஸ்பேனர்) ஒண்ணு வாங்கினேன். அடியில இருக்கிற பூட்டைத் திறந்து, பிடியைச் சுத்தி 100-ல நிறுத்தி, பூட்டிட்டு இழுக்கணும். இறுக்கம் அந்த அளவை எட்டினதும் உள்ளங்கையில ஒரு 'டக்'. காதுல கேக்கிறதுக்கு முன்னாடி கையில தெரியும். அதோட நிறுத்திடணும், இன்னொரு தடவை உறுதிக்குன்னு இழுக்கக் கூடாது. நாலு நட்டையும் எதிர் எதிரா, ரெண்டு சுத்துல ஏத்துவேன். வேலை முடிஞ்சதும் பிடியை அதோட குறைஞ்சபட்ச அளவுக்குத் தளர்த்தி வைக்கணும், இல்லேன்னா உள்ள இருக்கிற ஸ்பிரிங் சோர்ந்து அளவு மாறிடும். நட்டைக் கழட்ட மட்டும் இதைத் தொடவே மாட்டேன். அதுக்கு நீளமான பவர் பார் தனியா இருக்கு.

இப்ப எந்தக் கடையில வீலைக் கழட்டினாலும், வீட்டுக்கு வந்து நாலு வீலையும் தளர்த்தி நானே மறுபடி இறுக்குறேன். பத்து நிமிஷ வேலை.

வில்லிவாக்கம், 1997 மாருதி 800:

தம்பி, நல்ல விஷயத்தைத் தொடங்கியிருக்கீங்க. நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். டார்க் ரெஞ்ச் வேணும், மறுக்கல. ஆனா முதல் காசு ஸ்டாண்டுக்குப் போகணும். ஜாக்கியைச் சொல்லல. ஜாக்கியில தூக்கின பிறகு அடியில முட்டுக் கொடுக்கிற அந்த மூணு கால் ஸ்டாண்டு.

எங்க வீட்டு போர்டிகோ தரை, மழைத்தண்ணி வெளிய போகட்டும்னு கேட் பக்கம் சரிவா போட்டது. பார்த்தா தெரியாது. கோலிக்குண்டை வெச்சா உருளும். பத்து வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, வண்டியோட வந்த கத்திரி ஜாக்கியைப் போட்டு முன்பக்கத்தைத் தூக்கினேன். சைலன்சர்ல ஏதோ சத்தம், பார்த்துடலாம்னு. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன், சக்கரத்துக்குக் கட்டை வைக்கல. வீட்டுக்காரம்மா உள்ளேர்ந்து "காபி ஆறுது"ன்னு கூப்பிட்டாங்க. எழுந்து ரெண்டு எட்டு வெச்சிருப்பேன், பின்னாடி டமால். ஜாக்கி சாய்ஞ்சு வண்டி இறங்கிடுச்சு.

கழட்டின வீலை அடியில படுக்க வைக்கிறது என் வாத்தியார் கத்துக்கொடுத்த பழக்கம். வண்டி அது மேல உட்கார்ந்துச்சு. வீல் தகடு நசுங்கினது இன்னும் அப்படியே ஷெட்ல மாட்டியிருக்கு. மாருதி 800 மொத்தமே 650 கிலோதான், சின்ன வண்டிதானேன்னு நினைப்போம். அதுல பாதி நெஞ்சுல இறங்கினா போதும்.

அன்னிக்கு சாயந்திரமே ரெண்டு டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கினேன். எல்லாருக்கும் மூணு விஷயம் சொல்றேன். ஸ்டாண்டு வெச்ச பிறகு வண்டியைக் கையால நல்லா ஆட்டிப் பாருங்க, விழறதா இருந்தா நீங்க வெளிய இருக்கும்போதே விழட்டும். தரையில நிக்கிற சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் மரக்கட்டை கொடுங்க. ஹாலோ பிளாக்கை மட்டும் முட்டுக் கொடுக்காதீங்க. சுவத்துல பரவலா பாரம் தாங்குற கல் அது, ஒரே இடத்துல குத்துற பாரத்துக்கு முன்னறிவிப்பே இல்லாம பொடிஞ்சிடும். செங்கல்லும் அப்படித்தான்.

வேளச்சேரி, 2015 கிராண்ட் ஐ10:

வில்லிவாக்கம் சார் சொன்னதை என் தம்பிக்கு அனுப்பிட்டேன், அவன் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்கிறவன்.

நான் வங்கியில வேலை பார்க்கிறேன், வண்டி வேலை கத்துக்கிட்டது வெள்ளத்தால. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அன்னிக்கு எங்க தெருவுல தண்ணி சீட் அடி வரைக்கும் வந்துச்சு. காயவெச்சு, ஆயில் எல்லாம் மாத்தி, வண்டி ஓட ஆரம்பிச்சுது. மூணு மாசம் கழிச்சு ஒரு புதுத் தொல்லை. சாவியைத் திருப்பினா எஞ்சின் 'ஊ...ம், ஊ...ம்'னு இழுத்து இழுத்துச் சுத்தும். பேட்டரின்னாங்க, மாத்தினேன். திரும்ப அதே. ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாத்தணும்னு ஒரு கடையில பெரிய தொகை சொன்னாங்க.

அதுக்கு முன்னாடி ரிச்சி ஸ்ட்ரீட்ல வோல்ட் அளக்குற ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கினேன். இஞ்சினியரிங் படிச்ச காலத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் மீட்டரைத் தொடுறேன். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், முழு சார்ஜ். எஞ்சின் ஓடும்போது 14.2, ஆல்டர்னேட்டரும் சரி. பேட்டரி மைனஸ்லேர்ந்து எஞ்சினுக்குப் போற எர்த் ஒயரை கன்டின்யூட்டியில (ஒயர் அறாம இருந்தா பீப் அடிக்கிற செட்டிங்) வெச்சுப் பார்த்தேன், பீப் அடிச்சுது. அப்ப ஒயரும் சரின்னு நினைச்சேன்.

இந்த இடத்தைக் கவனிங்க. ஒயர்ல நூறு இழை இருந்து ரெண்டு இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும், ஏன்னா மீட்டர் அனுப்புற மின்சாரம் துளியூண்டு. ஸ்டார்ட்டர் இழுக்கிறதோ நூறு ஆம்பியர் கணக்குல. அதனால ஸ்டார்ட்டர் சுத்தும்போதுதான் அளக்கணும். மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணை எஞ்சின் இரும்புல வெச்சேன், என் பொண்ணு சாவியைத் திருப்பினா. 2.4 வோல்ட் காட்டுச்சு. கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்கணும், 0.2-க்கு மேல போனாலே சந்தேகப்படணும். அந்த 2.4 வோல்ட் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவே இல்ல, ஒயர்லயே சூடாகிப் போகுது.

எர்த் ஒயரோட ரப்பர் உறையைப் பிளேடால கீறினேன். உள்ள செம்பு இருக்க வேண்டிய இடத்துல பச்சைத் தூள். வெளிய இருந்து பார்த்தா புதுசு மாதிரிதான் இருந்துச்சு. புதுப்பேட்டையில அதே தடிமன்ல ஒரு ஒயர் வாங்கி, போல்ட் உட்கார்ற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன். ஒரே சுத்துல ஸ்டார்ட். பொண்ணு உள்ள உட்கார்ந்து கை தட்டினா.

2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நிறுத்தினாங்களே, அதுல என்னுதும் ஒண்ணு. வெள்ளத்துல நின்ன வண்டி வெச்சிருக்கிறவங்க பேட்டரி, ஸ்டார்ட்டர் எதை மாத்தவும் சம்மதிக்கிறதுக்கு முன்னாடி இந்த ஒரு சோதனையைச் செய்யுங்க. தயவுசெஞ்சு செய்யுங்க.

திருவான்மியூர், 2012 வேகன் ஆர்:

கடல் காத்து இருக்கிற ஏரியா. எனக்கு ஆறு முனை சாக்கெட்டும், பிரேக் பைப்புக்கான வாய் திறந்த ரிங் ஸ்பேனரும்.

பிரேக் பைப் நட்டு 10 எம்.எம்., மெத்துன்னு இருக்கிற சின்ன நட்டு. சாதா ஓப்பன் ஸ்பேனர் ரெண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். துருப்பிடிச்ச நட்டுல அதை வெச்சு ஒரு இழு இழுத்தேன், முனை எல்லாம் மழுங்கி உருண்டையாயிடுச்சு. பன்னிரண்டு முனை சாக்கெட்டும் இந்த மாதிரி முனையிலதான் கடிக்கும், ஆறு முனை பட்டையில உட்காரும். கடைசியில பைப்பையே அறுத்துப் புதுசு போட வேண்டியதாப் போச்சு. பைப் நட்டுக்குன்னே ஒரு ஸ்பேனர் இருக்கு, ரிங் ஸ்பேனர் வாயில ஒரு சின்ன இடைவெளி விட்ட மாதிரி. பைப்பை அந்த இடைவெளி வழியா நுழைச்சா நட்டைக் கிட்டத்தட்ட முழுசா கட்டிப் பிடிக்கும்.

அதோட பொறுமை. முதல் நாள் ராத்திரி கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துரு இளக்குற எண்ணெய் அடிச்சு விட்டுடுங்க, காலையில கைவைங்க. முதல்ல கொஞ்சம் இறுக்குற பக்கம் அசைச்சுட்டு அப்புறம் கழட்டினா மரை தப்பிக்கும்.

கே.கே. நகர், 2018 ஸ்விஃப்ட்:

எனக்குத் தலையில மாட்டுற எல்.இ.டி. லைட். அபார்ட்மென்ட் பார்க்கிங்ல பகல்லயே இருட்டு, ரெண்டு கையும் வேலைக்கு வேணும். அப்புறம் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கிலோ, நூல் வேஸ்ட் மாதிரி இழை இழையா பிரியாது. ஆயில் மாத்தும்போது அடியில அட்டையும் அகலத் தட்டும் போடுவேன், பழைய ஆயிலை கேன்ல அடைச்சு ஒர்க்‌ஷாப்ல கொடுத்துடுவேன். தரையில ஒரு சொட்டுக் கறை இல்ல, அதனாலதான் அசோசியேஷன் செக்ரட்டரி இன்னிக்கும் அனுமதிக்கிறார்.

பெரம்பூர், 2006 சான்ட்ரோ:

வேளச்சேரி மேடம், உங்க பதிவைப் படிச்சுட்டு நேத்து ராத்திரியே மீட்டரை எடுத்துட்டுப் போய் அளந்தேன். 0.1 வோல்ட், நிம்மதி.

வில்லிவாக்கம் சார், ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கிட்டேன். தரையில கோலிக்குண்டையும் உருட்டிப் பார்த்தேன், எங்க வாசலும் சரிவுதான். ஒரே ஒரு சந்தேகம். சான்ட்ரோவுல ஜாக்கி வைக்கச் சொல்லி ஓரத் தகட்டுல ரெண்டு வெட்டுக்குறி இருக்கு. ஜாக்கி அங்க உட்கார்ந்துட்டா ஸ்டாண்டை எங்க வைக்கிறது?

வில்லிவாக்கம், 1997 மாருதி 800:

சரியான கேள்வி தம்பி. அந்த வெட்டுக்குறியை ஸ்டாண்டுக்கு விட்டுடுங்க. ஒரு டிராலி ஜாக்கி வாங்கி, முன்பக்கம் குறுக்கே போற கிராஸ் மெம்பர் நடுவுல வெச்சு ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாத் தூக்குங்க. எஞ்சின் ஆயில் நிக்கிற தொட்டி, ஆயில் சம்ப், பக்கத்துலயே இருக்கும், அது மேல மட்டும் ஜாக்கி படக் கூடாது, நசுங்கிடும். டிராலி ஜாக்கியோட சின்னச் சக்கரம் லேசா உருண்டுக்கிட்டே ஏறணும், அதனால அதுக்குக் கட்டை வைக்காதீங்க, பின் சக்கரத்துக்கு மட்டும் வைங்க. ஸ்டாண்டு தலையில பழைய டயர்ல ஒரு துண்டு வெட்டி, நடுவுல பள்ளம் கீறி வைங்க, ஓரத் தகடு அந்தப் பள்ளத்துல உட்காரும். முதல் தடவை தூக்கும்போது பக்கத்துல யாரையாவது நிக்க வெச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு ஒரு போன் போடுங்க, பெரம்பூர்தானே, வந்துடறேன்.