கோழியைக் கொண்டுபோனது கீரியா, மரநாயா? மூன்று ஊர்களில் கோழி வளர்ப்போர் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

சிறுமலை அடிவாரம், திண்டுக்கல்:

எங்கள் பகுதியில் கோழி குறைந்தால் பழி உடனே கீரியின் மேல் விழும். ஆனால் கீரி பகலில் இரை தேடுவது. மாலையில் அடைத்த கோழி விடியலில் செத்துக் கிடந்தால் வேறு விலங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். சென்ற ஐப்பசியில் எங்கள் கொடாப்புக்குள் இரண்டு பெட்டைகள் தலையின்றிக் கிடந்தன. உடல்கள் கம்பிவலையை ஒட்டியே இருந்தன. உள்ளே எதுவும் நுழைந்த அடையாளம் இல்லை. வலையோரம் அடைந்திருந்த கோழிகளை வெளியிலிருந்தே கவ்வி இழுத்திருக்கிறது என்று தோன்றியதால், சுற்றிலும் சலித்த மணலைப் பரப்பி வைத்தேன். மறுநாள் அதில் ஐந்து விரல் பதிந்த தடம் இருந்தது. நாய்க்கும் பூனைக்கும் நான்கு விரல்களே பதியும் என்பதாலும், கூரை ஓட்டின் மேல் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்ததாலும், வந்தது இரவில் திரிந்து பழமும் தின்னும் மரநாய் என்ற முடிவுக்கு வந்தேன்.

கடைகளில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியேறாமல் தடுக்க மட்டுமே உதவும். நாய் கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். அதை நீக்கி, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) அடித்து, கோழிகள் அடையும் கொம்பைச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டி, கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடைவெளியையும் அடைத்தேன். வலையின் அடிப்பகுதியை ஓரடி வெளிப்புறமாக மடித்து மண்ணில் புதைத்ததால், பெருச்சாளி தோண்டி நுழையும் வழியும் அடைபட்டது. விஷம் வைக்கும் யோசனையை மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்: கீரி, மரநாய், உடும்பு ஆகிய மூன்றையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, மேலும், அந்த விஷத்தை முதலில் தின்பது நம் வீட்டு நாயாகவே இருக்கும்.

மன்னார்குடி:

எங்களுக்கு இரவைவிடப் பகல்தான் தொல்லை. வல்லூறும் காகமும் தூக்கிச் செல்லும் குஞ்சுக்குத் தடயமே இருப்பதில்லை. பளபளக்கும் குறுந்தகடுகளைக் கட்டிப் பார்த்தோம். சில நாட்களில் பறவைகளுக்கு அது பழகிவிட்டது. பழைய மீன்வலையை முற்றத்தின் மேல் விரித்துக் கட்டியதும், குஞ்சுகள் ஓரளவு வளரும்வரை தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்ததும்தான் பலன் தந்தன. முட்டையைப் பொறுத்தவரை, ஓடு உடைந்து கிடந்தால் கீரியையோ பெருச்சாளியையோ நினைப்பேன். ஓடும் இன்றி மறைந்தால், முழுதாக விழுங்கிச் செல்லும் பாம்பையும் நினைத்து, அடை வைத்த இடத்தில் கை விடுமுன் விளக்கடித்துப் பார்ப்பேன்.

பொள்ளாச்சி:

இருவரும் குறிப்பிடாத ஒன்று உண்டு. வெள்ளைக்கழிச்சல் நோயில் இரவில் செத்த கோழியை நாய் தின்றிருந்தாலும் காலையில் பார்ப்பவருக்கு அது வேட்டையாகவே தோன்றும். கடிபட்ட இடத்தில் தோலைக் கீறிப் பாருங்கள். உயிரோடு கடிபட்டிருந்தால் அடியில் இரத்தம் கட்டியிருக்கும். அவ்வாறு இல்லாமல், எஞ்சிய கோழிகளும் சோர்ந்து பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால், வலை வாங்கும் முன் கால்நடை மருத்துவரைப் பார்ப்பதே முறை.